உப்பில் ஊறிய கற்கள்

ஹ்வாங்துங்
28 அக்டோபர் 1990

அன்புத் தங்கை இன்சூக்குக்கு,

அண்ணன் போங்ரே சொல்லச் சொல்ல, அடுத்த வீட்டுத் தொக்சூவின் அம்மா எழுதுகிறாள். மேலே உள்ள தேதி அவள் போட்டது. என் நிலாக் கணக்கில் இது ஐந்தாம் மாதம் இரண்டு தடவை வந்த வருஷம். ஹான் ஆறு கரையை உடைத்துக்கொண்டு போன வருஷம். வடக்கிலிருந்து பிரதம மந்திரி வந்து கைகுலுக்கிவிட்டுத் திரும்பிப் போன வருஷம். நீ கடைசியாக இங்கே வந்தது இரி ரயில் நிலையம் வெடித்து, நம் வீட்டு ஜன்னல் காகிதமெல்லாம் கிழிந்த வருஷம். நடுவில் எத்தனை போயிற்று என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனமில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது? சோல் வெள்ளம் உன் தெருவுக்கு வரவில்லையே? எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சொன்னபடி கேட்கிறது. டெலிபோனில் பேசலாமே என்கிறாள் தொக்சூ அம்மா. எனக்கு அதில் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். வேண்டாம்.

உன் கடிதத்தை அவள் இரண்டு தடவை வாசித்தாள். ஒரு பெரிய கலைக்கூடத்தில் உன் வாழ்நாள் சிற்ப வேலையை எல்லாம் ஒன்றாக வைக்கப்போகிறார்கள், ஆரம்பத்தில் ஊரில் செய்த கற்களில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தங்கச்சி, எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரிந்ததுதான். வடக்கோடு போட்ட சண்டை நின்று நீ சோலிலிருந்து திரும்பி வந்த வசந்தம். செத்தவர்கள் அவ்வளவு பேர் என்பதால் அப்பாவுக்குக் கல்லறைக் கல் செதுக்கக் கை போதவில்லை. உளியைத் தொடவிடவில்லை உன்னை. நீ வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைத் தேய்த்தாய். அப்பா வந்து பார்த்தார்.

"என்னது இது?"

"ஒண்ணுமில்லப்பா. கல்லு."

"அது நீ தொடுறதுக்கு முன்னாலயே கல்லாத்தானே இருந்துச்சு!"

நான் வண்டிமாட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. இரண்டு வருஷம் தேய்த்தாய். நீ சோலுக்குக் கிளம்பிய பிறகு அதையெல்லாம் உடைத்து ரோட்டுக்குக் கொட்டிவிட்டதாக அப்பா சொன்னார். நான் ரோட்டில் தேடிப் பார்க்கவில்லை. எல்லாத் துண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்.

குளிர் வருகிறது. காலுக்குக் கம்பளி போட்டுக்கொள்.

அண்ணன்


சோல்
9 நவம்பர் 1990

அண்ணாவுக்கு வணக்கம்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். வெள்ளம் எங்கள் பக்கம் வரவில்லை.

கற்களைப் பற்றிக் கேட்டது என் ஆசைதான், விட்டுவிடுங்கள். கலைக்கூடத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். ராணுவம் போட்டுவிட்டுப் போன இரும்புப் பீப்பாய்களை வெட்டிப் பற்றவைத்தேன், வெண்கலம் வார்த்தேன், வங்கி வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிறுத்தினேன். ஒவ்வொன்றிலும் யாரோ தோளுக்குப் பின்னால் நின்று, "பாரிஸில் இதை ஒத்துக்கொள்வார்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த வாய்க்கால் கற்களைச் செய்தபோது பின்னால் நின்றது நீங்களும் மாடும்தான். அவை இல்லாமல் மற்றதை வரிசையாக வைத்தால் தலையில்லாத ஊர்வலம் மாதிரி இருக்கும்.

பட்டறையை ஒரு கார் மெக்கானிக்குக்குக் கொடுத்துவிட்டேன். உளிகளை மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வயதாகிறது, அவ்வளவுதான்.

தொக்சூ அம்மாவுக்கு என் நன்றி.

இன்சூக்


ஹ்வாங்துங்
30 நவம்பர் 1990

அன்புத் தங்கைக்கு,

உட்கார்ந்து படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

இங்கே எல்லா வீட்டிலும் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் வாரம். தொக்சூ அம்மா வீட்டு முற்றத்தில் முட்டைக்கோஸ் மலை மாதிரி குவிந்து கிடந்தது. நான் வேலைக்குப் போகவில்லை, வேகவைத்த பன்றிக்கறிக்குப் போனேன். (இதை மறைக்காமல் சொல்லிவிட்டார், நல்ல மனுஷர். - தொக்சூ அம்மா)

மண்ணில் புதைத்த ஜாடியில் கிம்ச்சியை அடுக்கி, மேலே இலை மூடி, அமுக்குவதற்குக் கல்லைக் கழுவி எடுத்து வந்தாள். முட்டைக்கோஸ் அளவு. ஒரு பக்கம் தோள் மாதிரி சரிந்து, அடியில் ஒரு குழிவு. என் வாயில் கறி அப்படியே நின்றது.

"இந்தக் கல்லு ஏது?"

"மாமியார் குடுத்தது. முப்பது வருஷமா இதுதான். ஏன், முதல்ல கறியை விழுங்கிட்டுச் சொல்லுங்க!"

"உன் மாமியாருக்கு ஏது?"

"உங்க அம்மா குடுத்தாங்களாம். ஒரு நாள் தலையில கூடையை வெச்சுக்கிட்டு வந்தாங்களாம்."

கொக்சோங்காரியை உனக்கு ஞாபகம் இருக்கும், கொக்சோங்கிலிருந்து வாழ வந்தவள். எழுபதைத் தாண்டியும் ஊறுகாய் மாதிரி கெட்டியாக இருக்கிறாள். அவளிடம் போனேன். அவள்தான் முழுவதும் சொன்னாள். அப்பா மலைமேல் கல்லறைக் கல் நடப் போயிருந்தபோது, அம்மா உன் கற்களை வீடுவீடாகக் கொண்டுபோய், "ஜாடிக்கு வெச்சுக்கோங்க, என் பொண்ணு தேச்சது, வழவழன்னு இருக்கு, இலையைக் கிழிக்காது" என்று கொடுத்திருக்கிறாள். அப்பாவிடம் எல்லாவற்றையும் உடைத்துவிட்டேன் என்றாளாம். அப்பா தானே உடைத்ததாக உன்னிடம் வீராப்பாகச் சொன்னார். இத்தனை வருஷம் நாம் அந்தக் கிம்ச்சியைத்தான் தின்றிருக்கிறோம்.

ஏழு வீடு. ஏழும் இருக்கின்றன. பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி வந்திருப்பேன், பெண்கள் விடவில்லை. ஜாடி காலியாகும்வரை கல் அசையாதாம். மாமியார் வைத்த கல்லை நடுக்குளிரில் மாற்றினால் அந்த வீட்டு ருசியே மாறிவிடுமாம். சரி, வசந்தத்தில் கொடுங்கள் என்றேன். அப்போது கொக்சோங்காரி இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்:

"நல்லாயிருக்கே! அம்மா குடுப்பாளாம், பொண்ணு வந்து புடுங்குவாளாம். ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணும். அவ கையாலயே தேச்சு வைக்கட்டும்."

மற்ற ஆறு வீடும் அதையே பிடித்துக்கொண்டன. நான் என்ன செய்ய? வந்து தேய்த்துக் கொடுத்துவிடு.

அண்ணன்

(அக்கா, அவர் சொல்லாததை நான் கேட்கிறேன். உங்கள் போன கடிதத்தின் எழுத்து வேறு யாரோ எழுதினது போல இருக்கிறதே?)


சோல்
14 டிசம்பர் 1990

அண்ணாவுக்கு வணக்கம். எல்லோரும் சுகம்தானே?

தண்ணீர் போதவில்லை. ஒரு பானை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

விரல் நுழைகிற துவாரம் உள்ள கல் யாரிடம் இருக்கிறது? ஒரே கல்தான், ஆனால் இரண்டு கல் ஒன்றின்மேல் ஒன்று தூங்குவது போல இருக்குமே, அது? கையால் தொட்டுப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

கலைக்கூடத்தில் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் ஆளை அனுப்புவார்கள். கடையில் நல்ல ஜாடிக் கற்கள் விற்கிறார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டாக வாங்கி வரச் சொல்கிறேன். நான் செய்து தருவது நடக்காது. ஏன் என்று கேட்க வேண்டாம்.

இன்சூக்


ஹ்வாங்துங்
12 ஜனவரி 1991

அன்புத் தங்கைக்கு,

பனி முழங்கால் வரை. உன் வீட்டுக் குழாய் உறைந்துவிடவில்லையே?

கலைக்கூடத்து ஆள் வந்தார். நல்ல பிள்ளை. நீளக் கோட்டு. பனியில் இரண்டு தடவை விழுந்து, இரண்டு தடவையும் கடைக்கற்களைக் காப்பாற்றினார். கொக்சோங்காரி அவற்றைத் தட்டிப் பார்த்தாள். "இது யார் தேச்சது?" "மிஷின், பாட்டி." "அப்ப மிஷினோட ஜாடியில வைங்க." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கம்மா ஜாடியில நானும் கைவைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டு, கற்களின் தலையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு வாளி கிம்ச்சியோடு போனார். நம் பக்கம்தான் அவர் என்று நினைக்கிறேன்.

துவாரக் கல் கொக்சோங்காரியிடம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். விரலை விட்டால் முதலில் குளிர்ச்சி, பாதி தூரத்தில் ஒரு திருப்பம், அங்கே உன் அவசரம் தெரிகிறது, அப்புறம் பொறுமையாகிவிட்டாய். தூங்குகிற இரண்டும் மில்காரர் மருமகளிடம். அவள் மேலே இருப்பதைப் புருஷன் என்கிறாள், "வேலை செய்யாம சாஞ்சிருக்கே!" ஏழுமே மிளகாயில் ஊறிச் சிவப்பேறிப் போயிருக்கின்றன. வாசனை போகாது.

இப்போது நான் கேட்கிறேன். உன் வலது கைக்கு என்ன ஆயிற்று?

அண்ணன்


ஹ்வாங்துங்
20 பிப்ரவரி 1991

அன்புத் தங்கைக்கு,

பதில் இல்லை. புத்தாண்டுக்கு அப்பா அம்மா படையலில் அரிசிப் பணியாரச் சூப் வைத்தோம். அம்மா கிண்ணத்துக்கு முன்னால் நின்று கொஞ்சம் கோபமாகவே பேசினேன்: கல்லை ஒளித்தாய் சரி, எனக்காவது சொல்லியிருக்கலாமே. தொக்சூ அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நீ பதில் எழுதாததே பதில். கைதான். நான் எழுத்துத் தெரியாதவன், ஆனால் உன்னைத் தெரியும்; நன்றாக இருந்தால் மூன்றாம் நாளே சண்டைக்கு வந்திருப்பாய்.

உளிகளைக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். தங்கச்சி, அந்த ஏழு கல்லைச் செய்தபோது உன்னிடம் உளி ஏது? மணலும் தண்ணீரும்தானே. தேய்க்க எந்தக் கையாக இருந்தால் என்ன? நீ வாய்க்காலில் வலது கை வலித்தால் இடதுக்கு மாற்றுவாய், அதுவும் வலித்தால் காலால் தள்ளுவாய். மாடு பார்த்துக்கொண்டிருந்தது, நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழகாக இருக்க வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. தொக்சூ அம்மாவிடம் என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டேன். "கனமா இருக்கணும், இலையைக் கிழிக்கக் கூடாது. வேற என்ன?" என்றாள். பாரிஸ்காரன் யாரும் எங்கள் ஜாடியை எட்டிப் பார்க்கப்போவதில்லை.

கோபம் இருந்தால் கோபத்தையாவது எழுது.

அண்ணன்


சோல்
25 மார்ச் 1991

அண்ணாவுக்கு,

நமஸ்காரம். முதலில் மன்னிப்பு.

போன வருஷம் இந்தப் பருவத்தில்தான் பட்டறையில் விழுந்தேன். தலைக்குள் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது, கால் திரும்பிவிட்டது, வலது கை மட்டும் விருந்தாளி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதெல்லாம் இடது கை எழுத்து. உங்களுக்குச் சொன்னால் ஒரு மூட்டைப் பூண்டோடு ரயிலேறி வந்து என் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்வீர்கள். அதனால்தான் சொல்லவில்லை.

கை போனது கூடப் பெரிதில்லை அண்ணா. என்ன செய்வது என்ற யோசனையே போய்விட்டது. காலையில் எழுந்தால் சுவரைப் பார்ப்பேன். கலைக்கூடத்தார் வந்து என் பழைய வேலைகளைப் பற்றிப் பேசினால், செத்துப்போன பெரியம்மாவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றும்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான். "காலால் தள்ளுவாய்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அது உண்மை. மறந்தே போயிருந்தேன்.

மெக்கானிக் பையன்களிடம் சொல்லி ஆற்றிலிருந்து ஒரு கல்லும் ஒரு சாக்கு மணலும் கொண்டுவரச் செய்தேன். குளியலறைத் தரையில் உட்கார்ந்து, தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தேய்த்தேன். முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாரம் கல் ஒரு பக்கம் வழி விட்டது. இடது கைக்குத் தெரிந்த வளைவு வேறு. நான் இதுவரை செய்ததே இல்லை அப்படி ஒன்று. நல்லதா என்று தெரியவில்லை. பஸ் பார்சலில் அனுப்புகிறேன். ஜாடியில் உட்காருமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். புகழ வேண்டாம். உட்காரவில்லை என்றால் உட்காரவில்லை என்று எழுதுங்கள், இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்சூக்


ஹ்வாங்துங்
20 ஏப்ரல் 1991

அன்புத் தங்கைக்கு,

இடது கைக்கும், விருந்தாளிக் கைக்கும் என் விசாரிப்பு. பூண்டு மூட்டையை அனுப்பிவிட்டேன், நான் வரவில்லை. திருப்திதானே?

பஸ்காரன் கல்லை இறக்கும்போது, "உள்ள என்ன, குழந்தையா?" என்று கேட்டான். ஏழு வீட்டுப் பெண்களும் கொக்சோங்காரி முற்றத்தில் கூடிவிட்டார்கள். நீ சொன்னபடி நான் வாயைத் திறக்கவில்லை. துணியைப் பிரித்தோம். மில்காரர் மருமகள்தான் முதலில் சொன்னாள்:

"ஒரு பக்கமா சாயுதே."

"பாட்டி, உங்க ஜாடி வாயி அகலம். உங்களுக்குத்தான் பொருந்தும்" என்றாள் தொக்சூ அம்மா.

"பொருந்துமான்னு ஜாடி சொல்லட்டும்."

கொக்சோங்காரி தன் ஜாடியைத் திறந்தாள். அடியில் நாலைந்து அடுக்கு மிச்சம். துவாரக் கல்லை எடுத்து என் மடியில் வைத்தாள், சாறு என் கால்சட்டையெல்லாம். புதுக் கல்லை இறக்கினாள். ஆடியது. நான் மடியிலிருந்த கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், தங்கச்சி. அவள் அதை வெளியே எடுக்கவில்லை. உள்ளே கைவிட்டு மெதுவாகத் திருப்பினாள். கால்வட்டம், இன்னும் கொஞ்சம். 'டொக்' என்று உட்கார்ந்தது. சாறு சுற்றிலும் ஒரே மட்டமாக மேலே எழும்பி வந்தது.

"பழைய கல்லு வலது பக்கம் அமுக்கி இடது பக்கம் விட்டுடும்" என்றாள். "இத்தனை வருஷமா இடது பக்கம்தான் முதல்ல புளிக்கும். உங்கிட்ட சொன்னேனா? சொல்லலே, உங்கம்மா குடுத்ததாச்சேன்னு. இது நல்லா அமுக்குது."

தொக்சூ அம்மா உடனே, "அப்ப அடுத்தது எனக்கு" என்றாள். மில்காரர் மருமகள், "என் ஜாடிதான் முதல்ல காலியாகும்" என்றாள். பிறகு நடந்ததை எழுத வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முட்டைக்கோஸ் வெட்டும் பலகை ஒன்று உடைந்தது, அவ்வளவுதான்.

புகழவில்லை. உட்கார்ந்துவிட்டது, இன்னும் ஆறு வேண்டும்.

அண்ணன்


சோல்
11 மே 1991

அண்ணாவுக்கு,

நமஸ்காரம். பூண்டு வந்தது. மெக்கானிக் கடை முழுக்க மணக்கிறது; பையன்கள் கோபமாக இருக்கிறார்கள்.

"இது நல்லா அமுக்குது." முப்பது வருஷமாகப் பத்திரிகைகளில் என்னைப் பற்றி எழுதியதெல்லாம் அலமாரியில் இருக்கிறது. இப்படி ஒரு வரி அதில் இல்லை.

கலைக்கூடத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். இலையுதிர்காலத்தில். முதல் அறையில் ஏழு பழைய கற்கள், கடைசி அறையில் இடது கைக் கல்லின் போட்டோ. கல்லையே கேட்டார்கள். அது வேலையில் இருக்கிறது, வர முடியாது என்று சொன்னேன்.

மீதி ஆறும் இங்கே குளியலறையில் வேண்டாம். மாத முடிவில் ஊருக்கு வருகிறேன். கோடை முழுக்க இருப்பேன். நம் கொட்டகையில் கூரை இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாய்க்கால் இருக்குமே.

ஒரு உதவி. அந்தக் கற்களுக்கு நான் பெயர் வைத்ததே இல்லை. ஒவ்வொன்றின் கீழும், அதை அம்மா கையிலிருந்து வாங்கி வைத்துக் காப்பாற்றிய பெண்ணின் பெயரைப் போட விரும்புகிறேன். புவான்காரி, கொக்சோங்காரி என்று ஊர்ப்பெயர் வேண்டாம். அவர்களுடைய சொந்தப் பெயர். யாருக்காவது தெரியுமா?

தங்கை


ஹ்வாங்துங்
26 மே 1991

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நடவு நடக்கிறது. கொட்டகைக்குத் தொக்சூ தகரம் போட்டுவிட்டான். ஆற்று மணல் ஒரு வண்டி குவித்திருக்கிறது; பூனைகளை விரட்டுவது என் வேலை. ஆறு கல் பொறுக்கி வைத்திருக்கிறேன், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள். நீ உட்கார ஒரு தாழ்ந்த பலகையும் செய்தாயிற்று.

பெயர் கேட்டாய். தொக்சூ அம்மா, "எனக்கே என் மாமியார் பேரு தெரியாது" என்றாள். வாழ வந்தவளைப் பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், பிள்ளை பிறந்தால் பிள்ளையின் அம்மா, செத்தால் கல்லில் குலப்பெயர் மட்டும். அப்பா செதுக்கிய எந்தக் கல்லிலும் ஒரு பெண்ணின் பெயர் கிடையாது.

எனக்குத் தெரியும். சண்டை நின்ற குளிர்காலத்தில் நிவாரணக் கோதுமை மாவு வந்ததே, என் வண்டியில்தான் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் அதிகாரி பதிவைப் பார்த்துப் பெயர் பெயராக வாசித்தார். ஒருத்தி கூட எழுந்திருக்கவில்லை. பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், மாவு எதிரில் இருக்கிறது, ஆனால் கூப்பிட்டது தன்னைத்தான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. யாரோ ஒருத்தி, "ஏய், அது நான்தான்!" என்று கத்தினாள், மைதானமே சிரித்தது. அப்புறம் ஒவ்வொருத்தியாக, வெட்கப்பட்டுக்கொண்டு. மாட்டைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டேன். எழுதிக்கொள்.

முதலில் கத்தினவள் தொக்சூவின் பாட்டி புவான்காரி. அவள் பெயர் மா இப்பூன். தோள் மாதிரி சரிந்த கல் அவளுடையது. மில்காரர் மனைவி யோம் தால்சிம். தூங்குகிற இரண்டும் அவளுக்கு. நாம்வோன்காரி குக் செம்னே, குரல் நன்றாக இருக்கும், போன தடவை நீ வந்துபோன மறு வருஷம் செத்துப்போனாள். இம்சில்காரி பாங் உல்லே. அவளுக்கும் கங்யோங்காரிக்கும் சாகும்வரை பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் கலைக்கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே. கங்யோங்காரி பெயர் சே கியம்சூன். ஹாம்யோல்காரி தோ ஹ்யாங்சிம், சின்ன வயதிலேயே போய்விட்டாள், கல்லை வைத்துக் காப்பாற்றியது அவளுடைய நாத்தனார்.

கொக்சோங்காரியின் பெயர் மட்டும் எனக்குத் தெரியாது. அன்று அவள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள், மாவை அவள் புருஷன் வந்து வாங்கிப் போனான். ஆகவே நேற்று அவளையே போய்க் கேட்டேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"கல்லுக்குக் கீழே எழுதப்போறாளாம் இன்சூக்."

"கொக்சோங்காரின்னு எழுதச் சொல்லு. எல்லாருக்கும் தெரியும்."

"சோல்காரங்களுக்குத் தெரியாதே."

சிரித்தாள். இரண்டு காயை உரித்துத் தோலைக் கிண்ணத்திலும் பருப்பைத் தரையிலும் போட்டாள்.

"எங்கம்மா கூப்பிட்டது அது. அதுக்கப்புறம் யாரும் கூப்பிடலே" என்றாள். வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், சரிதானா என்று. பிறகு என் காதருகே குனிந்து, பக்கத்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

சீக்கிரம் வா, தங்கச்சி. மற்ற ஆறு பேரின் பெயரைக் கல்லுக்குக் கீழே போடத்தான் முடியும். இவளை நீ வாசலில் நின்று கூப்பிடலாம், திரும்பிப் பார்ப்பாள். அம்மாவின் கூடையிலிருந்து கல் வாங்கியவர்களில் உயிரோடு இருப்பவள் இவள் ஒருத்திதான்: பியோ ஓக்பூன்.